மகளை ஒரு வாரக் கேம்ப்புக்கு அனுப்பும் முன்

நியூ ஜெர்சியில் ஜூன் பின்பாதியில் பள்ளி மூடினால் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். அந்தக் கோடையை எப்படி ஓட்டுவது என்ற பேச்சு பனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். நம் வீடுகள் பெரும்பாலும் பகல்நேரக் கேம்ப்போடு நிறுத்திக்கொள்கின்றன. காலையில் விட்டுவிட்டு, அலுவலகம் முடிந்ததும் அழைத்து வரலாம். இரவும் அங்கேயே தங்கும் கேம்ப் என்றால் தயக்கம் வந்துவிடும். என் பத்து வயது மகள் அப்படி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வகுப்புத் தோழியைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டாள். பென்சில்வேனியாவில் போக்கனோ மலைப்பகுதியில், ஏரிக்கரையில், மரக் கேபின்கள் இருக்கும் இடம். ஞாயிறு மதியம் கொண்டுபோய் விட்டால் சனிக்கிழமை காலை அழைத்து வரலாம். இடையில் போன் கிடையாது.

என் மாமியார் திருநெல்வேலியில் இருக்கிறார். செய்தி கேட்டதும், "பொம்பளப் பிள்ளைய ஊரு பேரு தெரியாத எடத்துல ராத்திரி விட்டுட்டு வருவியளோ?" என்றார். என் கணவர், "நான் லீவுக்கு ரெண்டு மாசமும் ஆச்சி வீட்லதானம்மா கெடந்தேன்?" என்றார். "அது நம்ம வீடுல்லா!" என்று உடனே பதில் வந்தது.

அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாங்களும் ஏப்ரல், மே முழுக்க அம்மாவை விட்டு ஆச்சி வீட்டில் இருந்தவர்கள்தான். ஆனால் அங்கே நாங்கள் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. முகம் வாடினால் சோறு வரும். இருமினால் வெந்நீர் வரும். ராத்திரி பயந்தால் பக்கத்தில் படுத்திருக்கும் சித்தி கையை நீட்டித் தட்டிக்கொடுப்பாள். எங்கள் வீட்டிலும் என் மகள் அப்படித்தான் வளர்கிறாள். அவளுக்குப் பசிப்பது அவளுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். கேம்ப்பில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் (அங்கே கவுன்சிலர் என்பார்கள்) கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். அன்பான பெண்தான், முறையாகப் பயிற்சி பெற்றவர்தான். ஆனால் என் மகளின் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியாது. சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்றுதான் நினைத்துக்கொள்வார். அதனால் பெட்டி கட்டுவதை நான் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவளைக் கேட்கப் பழக்கியதில்தான் போனது.

உணவகத்தில் அவளுக்கு வேண்டியதை அவளே சொல்ல வேண்டும், நானோ அவள் அப்பாவோ வாய் திறக்க மாட்டோம். நூலகத்தில் புத்தகம் கிடைக்கவில்லையென்றால் அவளே போய்க் கேட்க வேண்டும். குழந்தை மருத்துவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்வது அவள் வேலை. முதலில் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கைப்பையில் எதையோ தேடுவேன். மெல்ல மெல்லக் குரல் வந்தது. "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்கி, தனக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிவிட்டால் பாதிக் கேம்ப் கடந்துவிட்ட மாதிரிதான். வயிறு வலிக்கிறது, படுக்கையை நனைத்துவிட்டேன், செருப்பைக் காணோம், இந்த விளையாட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. இவற்றை வெட்கப்படாமல் ஒரு பெரியவரிடம் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் பிள்ளை தயாரா என்று நான் பார்ப்பேன். வயதை வைத்துப் பார்க்க மாட்டேன்.

கேம்ப்பைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோரும் கேட்க வேண்டியது நிறைய. அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்ற அமைப்பு கேம்ப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. இரவு தங்கும் கேம்ப்பில் 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் 8 பேருக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் அளவு. 6 முதல் 8 வயது என்றால் 6 பேருக்கு ஒருவர். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நான் நேரடியாகப் போன் செய்து பேசினேன். ஊழியர்களின் குற்றப் பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? இரவில் கேபினில் யார் தூங்குவார்கள்? நர்ஸ் இரவும் அங்கேயே இருப்பாரா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸில் குவாடலூப் ஆறு பெருகி, ஆற்றங்கரைக் கேம்ப் ஒன்றில் பிள்ளைகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் சில கேள்விகளையும் விடக்கூடாது: கேபின்கள் வெள்ளம் வரக்கூடிய தாழ்வில் இருக்கின்றனவா, இரவில் வானிலை எச்சரிக்கை வந்தால் யார் விழித்திருந்து பார்ப்பார்கள், எங்கே அழைத்துப் போவார்கள், அந்த ஒத்திகையைப் பிள்ளைகளோடு செய்கிறார்களா? இதையெல்லாம் கேட்டால் நல்ல கேம்ப் முகம் சுளிக்காது. நிதானமாக, விவரமாகப் பதில் சொல்வார்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு செய்தி. பகல்நேரக் கேம்ப் கட்டணத்தை அலுவலகத்தின் டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ கணக்கிலிருந்து, அதாவது பிள்ளைப் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் வரி பிடிக்கும் முன் ஒதுக்கிவைக்கும் பணத்திலிருந்து, எடுக்கலாம். இரவு தங்கும் கேம்ப்புக்கு அது செல்லாது, வரிச் சலுகையிலும் சேராது. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒய்எம்சிஏ போன்ற லாபநோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் கேம்ப்புகள் பலவற்றில் கட்டண உதவி உண்டு. விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

சாப்பாடு எங்களுக்குப் பெரிய விஷயம். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. படிவத்தில் வெஜிடேரியன் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. அங்கே முட்டை சைவக் கணக்கில்தான் வரும். சிக்கன் எலும்புச் சாற்றில் செய்த சூப்பையும், அதே சாற்றில் வேகவைத்த சோற்றையும் இறைச்சித் துண்டு இல்லாததால் சைவம் என்று நினைப்பவர்கள் உண்டு. பீன்ஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். கேம்ப் என்றாலே இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மார்ஷ்மெல்லோ சுட்டு, சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்குள் வைத்துத் தின்பது உண்டு. வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எல்லோரும் சாப்பிடும்போது ஒரு பிள்ளை மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்! சமையலறைப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ ஒரு பொட்டலம் கொடுத்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். கொண்டு வாருங்கள், பெயர் எழுதிச் சமையலறையில் வைக்கிறோம் என்றார்கள். கேபினில் தின்பண்டம் எதுவும் வைத்திருக்கக் கூடாது. போக்கனோ காட்டில் கருங்கரடிகள் உண்டு, எலியும் எறும்பும் வேறு. உடன் இருக்கும் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கவும் கூடும். ஆகவே முறுக்கு டப்பாவை ஆசையாக உள்ளே மறைத்து வைக்காதீர்கள்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் தட்டை நீட்டுகிற நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன். "இதில் மீட் இருக்கிறதா, சிக்கன் பிராத் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா" என்று மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிராத் என்பது அந்த எலும்புச் சாறுதான். கூடவே, தெரியாமல் ஒரு வாய் உள்ளே போய்விட்டால் அது குற்றமில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு வேறு சாப்பிடு, யாரும் திட்ட மாட்டோம் என்றும் தெளிவாகச் சொன்னேன். இந்த இரண்டாவது செய்தி மிக முக்கியம். திட்டு விழும் என்ற பயத்தில் ஒரு பிள்ளை ஒரு வாரம் வெறும் ரொட்டியையே தின்று வந்துவிடும். நாம் எந்த வழக்கத்தைக் காப்பாற்றினாலும் அந்தச் சுமை பிள்ளையின் மனதை அழுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது கழிவறை. நாம் பேசக் கூச்சப்படும் விஷயம், ஆனால் பிள்ளைக்கு முதல் காலையிலேயே வரும் சிக்கல். வீட்டில் தண்ணீர் வைத்துக் கழுவிப் பழகிய பிள்ளை அங்கே காகிதத்தை மட்டும் பார்த்துத் திகைத்து, அடக்கிக்கொண்டு வயிற்று வலியை வரவழைத்துக்கொள்ளும். பள்ளியில் பழகியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பல பிள்ளைகள் வீடு வரும்வரை காத்திருப்பவர்கள். சிறிய பிழியும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் குளியல் பையில் வைத்தேன். ஈரத் துடைப்பான் கொண்டுபோனால் அதைக் கழிவறைக்குள் போடக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கேம்ப்புகளில் பெரும்பாலும் செப்டிக் தொட்டிதான், அடைத்துக்கொள்ளும். குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். குளியலறை பொதுவானது, திரை மட்டும் இருக்கும். துண்டைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றுவதை வீட்டிலேயே பழகினாள். ரப்பர் செருப்போடு குளிப்பதையும்தான். பத்துப் பதினொரு வயதுப் பெண் என்றால், இன்னும் வயதுக்கு வராவிட்டாலும் பேட் வைத்து அனுப்பி, எப்படிப் பயன்படுத்துவது, யாரிடம் சொல்வது என்று விளக்கிவிடுங்கள். வீட்டுக்கு வெளியே முதல் முறை வந்துவிட்டால் பயப்படாமல் இருப்பாள்.

தலைமுடியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சிறிய மாநாடே நடந்தது. இடுப்பு வரை முடி. தினமும் ஏரியில் நீச்சல். வெட்டிவிடலாமா என்ற பேச்சை அத்தை காதில் போடவே முடியாது, மகளுக்கும் மனமில்லை. ஆகவே அவளே சிக்கெடுத்து, அவளே ஒற்றைப் பின்னல் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. வார இறுதிகளில் கண்ணாடி முன் கை வலிக்க வலிக்கப் பழகினாள். பின்னல் கோணலாக இருந்தாலும் நான் தொடவில்லை. ஈரத்தோடு பின்னினால் நாற்றமடிக்கும், சிக்காகிவிடும். அதனால் நீச்சல் முடிந்ததும் அவிழ்த்து, துண்டால் ஒற்றி, காயவிட்டுப் பிறகு பின்ன வேண்டும். போகும் நாளில் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பாதீர்கள். நுழைந்ததும் பேன் இருக்கிறதா என்று சீப்பால் முடியைப் பிரித்துப் பார்ப்பார்கள். பேனோ ஈரோ இருந்தால் சில கேம்ப்புகள் திருப்பி அனுப்பிவிடும். ஒரு வாரம் முன்பே நீங்கள் பார்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் கேம்ப்புகள் கண்டிப்பானவை, அது நல்லதே. மருத்துவர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவமும் தடுப்பூசிப் பட்டியலும் வேண்டும். ஜூன் மாதத்தில் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கடினம், ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். எந்த மருந்தானாலும் அதன் மூலப் பாட்டிலில், பெயர் ஒட்டிய நிலையில், நர்ஸ் கையில் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் டைலனால் என்ற காய்ச்சல் மருந்தும் இதில் சேர்த்தி. விக்ஸ், அமிர்தாஞ்சன், தைலப் பாட்டில் எதையும் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஆஸ்துமா இன்ஹேலர், ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபிபென் ஊசி போன்றவற்றைப் பிள்ளையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மருத்துவரின் எழுத்து தேவைப்படும், முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தப் பகுதியில் உண்ணி உண்மையான ஆபத்து. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் மான் உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவே இருக்கும், கோடையில்தான் அதிகம். கடித்தால் வலிக்காது. பெரும்பாலும் அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் நோய் தொற்றும். ஆகவே தினமும் பார்த்தால் தப்பிக்கலாம். காதின் பின்புறம், தலைமுடிக்குள், அக்குள், இடுப்பு, தொப்புள், முழங்காலின் பின்புறம். குளிக்கும்போது விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். ஏதாவது தட்டுப்பட்டால் பிய்க்காமல் நேராக நர்ஸிடம் போக வேண்டும். தோலில் டீட் என்ற மருந்து உள்ள பூச்சிவிரட்டி தடவலாம். பெர்மெத்ரின் மருந்தை உடைக்கும் ஷூவுக்கும் மட்டும், வீட்டிலேயே தெளித்து நன்றாகக் காயவைத்து எடுத்துப் போக வேண்டும், தோலில் படக் கூடாது. மூன்று மூன்று இலையாக வரும், தொட்டால் அரிப்பு வரவைக்கும் பாய்சன் ஐவி செடியைப் படத்தில் காட்டி வைத்தோம்.

தூக்கம்தான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. நம் பிள்ளைகள் பலர் பத்து வயதிலும் அம்மா பக்கத்தில் படுப்பவர்கள். அதில் தவறொன்றும் இல்லை, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து ஒரே நாளில் இருட்டுக் கேபினின் பங்க் எனும் அடுக்குக் கட்டிலுக்குப் போவது கொடுமை. முதலில் அவள் அறையில், பிறகு அவள் அறையில் ஸ்லீப்பிங் பேக்கில், பிறகு விளக்கில்லாமல் டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு. பிறகு எடிசன் ஊரில் இருக்கும் சிநேகிதி வீட்டில் ஒரு வார இறுதி முழுக்க, எங்களோடு போனில் பேசாமல். வீட்டு ஏக்கத்தைப் பற்றிக் கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளரும் எட்வர்ட் வால்டனும் 2007-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஏக்கம் வருவது இயல்பு, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஓர் அளவில் வரும். பிள்ளையை முடிவில் சேர்த்துக்கொள்வதும், முன்னதாகப் பிரிந்திருந்து பழகுவதும் உதவும். "பிடிக்கலைன்னா உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி அறிவுரை நமக்குக் கடினமானது. எந்த அம்மாவின் வாயிலும் முதலில் வருவது அதுதானே. ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்படிச் சொன்னால், உன்னால் முடியாது என்று நானே நினைக்கிறேன் என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். முதல் இரவு அழுகை வந்ததும் அந்த வாக்கைத்தான் பிடித்துக்கொள்ளும், சமாளிக்கும் வழியைத் தேடாது. நான் சொன்னது வேறு: "அழுகை வரும். வந்தா கவுன்சிலர் அக்காகிட்ட சொல்லு. டார்ச் அடிச்சு லெட்டர் எழுது. காலைல நீந்தப் போறதை நினை. உனக்கு முடியும்." அதோடு, யாராவது உடம்பைத் தொட்டாலோ, ரகசியமாக வைத்துக்கொள் என்று எதையாவது சொன்னாலோ, அப்போது மட்டும் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க வேண்டாம். கவுன்சிலரிடம், அவர் மீதே குறை என்றால் நர்ஸிடம், அல்லது டைரக்டரிடம், வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று சத்தமாகக் கேள் என்றேன். ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. இரண்டையும் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டிவிட வேண்டும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேம்ப் கொடுக்கும் பட்டியலே போதும். அவளே எடுத்து அடுக்க வேண்டும், அப்போதுதான் டார்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் பெயர், உள்ளாடை வரை. புதிய ஷூ வாங்கினால் முன்பே போட்டு நடக்கவிடுங்கள். விலை உயர்ந்த எதுவும் வேண்டாம், தங்கக் கம்மலைக் கழற்றிவிட்டு ஸ்டீல் கம்மல் போட்டு அனுப்பினேன்.

கடிதம் மட்டும் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் முகவரி எழுதிய உறைகள் சிலவற்றைப் பையில் வைத்தேன். நாங்கள் எழுதிய கடிதங்களைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம், நாளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது என்று எழுத மனம் துடிக்கும். எழுதாதீர்கள். பிள்ளை அங்கே உங்களுக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடும். துளசி செடி தளிர் விட்டது, அப்பா கார் கழுவினார், ஏரி குளிராக இருக்கிறதா, உன் பங்க் மேலேயா கீழேயா என்று எழுதினால் போதும். அத்தை தமிழில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியதை அச்செடுத்துச் சேர்த்தோம். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாளாம். கேபின் தோழிகள் சுற்றி நின்று, இது என்ன எழுத்து என்று கேட்டு அவரவர் பெயரை எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

கொண்டுபோய் விடும் நாளில் கட்டிலை விரித்துக் கொடுத்து, கவுன்சிலரிடம் இரண்டு வார்த்தை பேசி, கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நேரம் ஆக ஆக இருவருக்கும் கஷ்டம்தான். டெலவேர் வாட்டர் கேப் தாண்டி எண் 80 நெடுஞ்சாலையில் வரும்போது நான் அழுதேன். அதற்குப் பிறகு தினமும் இரவு கேம்ப் இணையத்தில் போடும் படங்களில் அவள் முகத்தைத் தேடினேன். ஒரு படத்தில் சிரிக்கவில்லை என்பதற்காகக் கேம்ப்புக்குப் போன் செய்யாதீர்கள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் அவர்களே அழைப்பார்கள், அழைக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை எழுதிய அவள் கடிதம் வியாழன் வந்தது. முதல் வரியிலேயே இரவு அழுததாக இருந்தது. அடுத்த வரியில், கவுன்சிலரிடம் சொன்னதாகவும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்ததாகவும். அதற்கடுத்து, வெள்ளைச் சோற்றை ருசித்துப் பார்த்துச் சந்தேகம் வந்து சமையலறை ஜன்னலில் போய்க் கேட்டாளாம், சிக்கன் பிராத்தாம், அவளுக்காகத் தனியாகப் பாஸ்தா கொடுத்தார்களாம். மறுநாளிலிருந்து அந்த மேசையில் வெஜிடேரியன் சோறு எது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அழைத்து வந்ததும் துணிப் பையை வீட்டுக்குள் கொண்டுவராமல் காராஜிலேயே பிரித்தோம். காய்ந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி செத்துவிடும், பிறகு துவைக்கலாம். தலை முதல் பாதம் வரை உண்ணியும் பேனும் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை வரை தூங்கினாள். எழுந்த பிறகும் கேள்விகளை அடுக்கவில்லை. தோழிகளை நினைத்துக் கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் எரிந்து விழுந்தாள். அது ஒருசில நாளில் அடங்கிவிடும். பேச்சு தானாக, பல் தேய்க்கும்போதும் காரில் போகும்போதும் துண்டு துண்டாக வந்தது.

அடுத்த கோடைக்கு இரண்டு வாரம் வேண்டுமாம். பல கேம்ப்புகள் இலையுதிர்காலத்திலேயே பதிவைத் திறந்துவிடுகின்றன, முன்கூட்டிப் பதிந்தால் கட்டணத்தில் தள்ளுபடியும் தருவார்கள். அத்தையிடம் அவளே போனில் பேசி அனுமதி வாங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.